பெட்டிக்குள்ள யார் பேரு

"இது ஒண்ணு என்ன விலை தோழர்?" போன மாசம் வீட்டுக்கு வந்த நண்பர் அலமாரியைப் பார்த்துக் கேட்டார். பத்தாயிரத்துக்கு மேல ஆச்சு என்றேன். "ஒன்பதும் சேர்த்தா?" "இல்ல, ஒண்ணு." அவர் குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டார். "வெள்ளைக்காரன் கத்துறதுக்கா இவ்வளவு? நம்மாளுக்கு இதெல்லாம் தேவையா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அன்றைக்கு நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அவருக்குச் சொல்லாமல் விட்ட பதில்தான் இது.

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். லெட் செப்பலின் என்று ஒரு இங்கிலாந்து ராக் குழு. கிட்டார் ஜிம்மி பேஜ், பாட்டு ராபர்ட் பிளான்ட், பேஸ் கிட்டாரும் கீபோர்டும் ஜான் பால் ஜோன்ஸ், டிரம்ஸ் ஜான் பான்ஹம். 1980இல் பான்ஹம் செத்துப்போனதோடு குழு கலைந்துவிட்டது. 1969 முதல் 1982 வரை அவர்கள் பேரில் ஒன்பது ஸ்டுடியோ ஆல்பம் வந்தது. அந்த ஒன்பதையும் ஜிம்மி பேஜ் பழைய டேப்புகளிலிருந்து மறுபடி சுத்தம் செய்து 2014, 2015 இரண்டு வருஷத்துக்குள் வெளியிட்டார். சாதாரண சிடியாகவும் வாங்கலாம். என்னை மாதிரிப் பைத்தியங்களுக்குப் பெரிய பெட்டி. இசைத்தட்டு அளவுக்குச் சதுரமாக, கனமான அட்டையில் இருக்கும். உள்ளே அந்த ஆல்பம் சிடியாக ஒன்று, 180 கிராம் இசைத்தட்டாக ஒன்று. கூடவே துணைத்தட்டு என்று இன்னொன்று, அதுவும் இரண்டு வடிவத்திலும். எழுபது பக்கத்துக்கு மேல் போகிற கெட்டி அட்டைப் புத்தகம். முன் அட்டைப் படத்தின் நல்ல அச்சுப் பிரதி ஒன்று. முதல் 30,000 பிரதிகளுக்கு வரிசை எண்ணும் உண்டு.

துணைத்தட்டில்தான் விஷயம் இருக்கிறது. பாட்டு முடிவான வடிவத்துக்கு வருவதற்கு முன்னால் அடித்துத் திருத்திப் பார்த்த கரட்டு வடிவங்கள், குரல் சேர்க்காத வடிவங்கள், வேறு மாதிரிக் கலந்து பார்த்தவை எல்லாம் அதில் இருக்கும். நாற்பது வருஷம் டேப்பில் கிடந்ததை ஒன்றுவிடாமல் கேட்டுக் கேட்டுப் பொறுக்கியிருக்கிறார் பேஜ். துணைத்தட்டின் உறையில் மூல ஆல்பத்தின் படத்தையே நிறம் மாற்றிப் போட்டிருப்பார்கள். கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் இருக்கும், போட்டோ நெகடிவ் மாதிரி.

இனி எனக்கு இது எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்று சொல்கிறேன்.

1985இல் மதுரையில் காலேஜில் சேர்ந்தேன். எங்க ஊர் மதுரைக்குத் தெக்க. தங்கினது ஆதிதிராவிடர் மாணவர் விடுதி. ஒரு அறைக்குப் பன்னெண்டு பேர். மூணாம் வருஷம் படிச்ச அண்ணன் ஒருத்தர் மெட்ராஸ் போனப்ப பர்மா பஜார்ல ஒரு டேப் ரெக்கார்டரும் நாலஞ்சு கேசட்டும் வாங்கியாந்திருந்தாரு. ஒரு கேசட் மேல பால்பாயிண்ட் பேனாவுல குழுவோட பேரும் 4ங்கிற எண்ணும் மட்டும் எழுதியிருந்துச்சு. ராத்திரி கரண்ட் வந்த பிறகு அதைப் போட்டாரு. கடைசிப் பாட்டு. முதல்ல டிரம்ஸ் மட்டும். மெதுவா, கனமா, ஒவ்வொரு அடியும் தரையில விழுந்து எந்திரிச்சு வர்ற மாதிரி.

நான் பாயில எந்திரிச்சு உக்காந்துட்டேன். இங்கிலீஷ் ஒரு வார்த்தை புரியல. கொட்டு புரிஞ்சுது. எங்கய்யா தப்படிக்கிறவரு. துட்டி வீட்டுல பாடை தூக்கின பிறகு, தெரு தாண்டிக் காட்டுப்பாதையில எறங்குறப்ப ஒரு அடி அடிப்பாரு. வேகமெல்லாம் போயி, நடைக்கு ஏத்த மாதிரி, ரெண்டு அடிக்கு நடுவுல மூச்சு விடுற அளவுக்கு எடம் விட்டு அடிப்பாரு. அதே எடைவெளி இந்தக் கேசட்டுல இருந்துச்சு. "யாருண்ணே இது அடிக்கிறது?"ன்னு கேட்டேன். "எவனோ வெள்ளைக்காரன்"னாரு. எனக்கு நம்ப முடியல.

அந்த டிரம்ஸ் எப்படிப் பதிந்தார்கள் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்று ஒரு பழைய பெரிய கட்டிடம். அதன் நடுக்கூடத்தில் பான்ஹமை உட்காரவைத்து, மேலே மாடிப்படியில் இரண்டு மைக்கைத் தொங்கவிட்டுப் பதிந்தார்கள். கூடத்தின் எதிரொலியும் சேர்ந்து விழுந்ததால்தான் அந்தக் கனம். அந்தக் கட்டிடம் 1795இல் எதற்காகக் கட்டினது தெரியுமா? சுற்றுவட்டார ஏழைகளை அடைத்துவைத்து வேலை வாங்குவதற்கான விடுதியாக. 1830இல் விவசாயக் கூலிகள் கூட்டமாகத் திரண்டு வந்து அதை அடித்து நொறுக்கியிருக்கிறார்கள். அந்தச் சுவர்தான் பான்ஹமின் அடியைத் திருப்பிக் கொடுத்தது.

1990இல் எனக்கு அரசாங்க வேலை கிடைத்தது. அடுத்த வருஷமே டேப் ரெக்கார்டர் வாங்கினேன். கொஞ்ச நாள் கழித்து சிடி. நாலாம் ஆல்பத்தை முதன்முதலாகச் சிடியில் வாங்கினபோதுதான் பாட்டுக்குக் கீழே இருக்கிற சின்ன எழுத்தைப் படித்தேன். அந்தக் கடைசிப் பாட்டு 'வென் தி லெவி பிரேக்ஸ்'. எழுதியவர்கள் என்று குழுவின் நாலு பேரோடு அஞ்சாவதாக ஒரு பேர்: மெம்பிஸ் மின்னி. யார் இந்த அஞ்சாவது ஆள்? இந்த ஒரு கேள்வி என்னை எங்கெங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விட்டது.

மெம்பிஸ் மின்னி கறுப்பினப் பெண். நிஜப் பேர் லிஸி டக்ளஸ். கிட்டார் வாசித்து ப்ளூஸ் பாடியவர். அவரும் அவர் புருஷன் ஜோ மெக்காயும் சேர்ந்து 1929இல் அந்தப் பாட்டைப் பதிந்தார்கள். இசைத்தட்டில் 'கன்சாஸ் ஜோவும் மெம்பிஸ் மின்னியும்' என்று இருந்தது. பாடுகிற குரல் ஜோவுடையது. பாட்டு 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றியது. அந்த ஏப்ரலில் கிரீன்வில் பக்கத்தில் ஆற்றங்கரை உடைந்தது. மணல் மூட்டை சுமந்து கரையைக் காக்கக் கறுப்புக் கூலிகளைத் துப்பாக்கி முனையில் நிறுத்தினார்கள். வெள்ளம் வந்த பிறகும் அவர்களை ஊரைவிட்டுப் போகவிடவில்லை. போனால் பருத்திக்காட்டுக்குத் திரும்பி வரமாட்டார்களே! கரைமேலேயே முகாம் போட்டு வைத்து வேலை வாங்கினார்கள். கரையைக் கட்டினவனுக்குக் கரைக்கு அந்தப் பக்கம் போக உரிமை இல்லை.

லெட் செப்பலினின் ஆல்பம் 1971 நவம்பரில் வந்தபோது மின்னி உயிரோடுதான் இருந்தார். 1960இலேயே பக்கவாதம் வந்து விழுந்துவிட்டவர். 1973 ஆகஸ்டில் இறந்தார். மிசிசிப்பியில் வால்ஸ் என்ற ஊரில் புதைத்தார்கள். கல் இல்லாத குழி. பாடகி பானி ரெய்ட் பணம் கொடுத்து, 1996இல்தான் அங்கே ஒரு கல் நின்றது. மின்னியின் பேராவது உறையில் இருக்கிறது. பாட்டைப் பாடின ஜோ மெக்காயின் பேரை என் பெட்டியில் தேடினேன், இல்லை. அவர் 1950இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எந்தப் பாட்டைக் கேட்டாலும் முதலில் பேரைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இரண்டாம் ஆல்பத்தில் 'ஹோல் லாட்டா லவ்' என்ற பாட்டு. உலகம் முழுக்க ஓடின பாட்டு. 1969இல் வந்தபோது குழுவின் நாலு பேர் பேர்தான் இருந்தது. மிசிசிப்பியில் விக்ஸ்பர்க்கில் பிறந்த வில்லி டிக்சன் எழுதி, மடி வாட்டர்ஸ் 1962இல் பாடின பாட்டின் வரிகள் அதற்குள் இருந்தன. 1985இல் டிக்சன் வழக்குப் போட்டார். 1987இல் சமரசம் ஆனது. அதன் பிறகுதான் அவர் பேர் ஏறியது. 2014 பெட்டியில் நாலு பேரோடு டிக்சனும் இருக்கிறார். பேர் ஏற 18 வருஷம். அதே ஆல்பத்தில் 'தி லெமன் சாங்' பாட்டுக்கு இப்போது செஸ்டர் பர்னெட் என்ற பேரும் இருக்கிறது. ஹவ்லின் உல்ஃப் என்று உலகத்துக்குத் தெரிந்த ப்ளூஸ் பாடகரின் நிஜப் பேர் அது. முதலாம் ஆல்பத்தில் 'பேப், ஐ'ம் கோனா லீவ் யூ' பாட்டை ஆரம்பத்தில் 'மரபுப் பாட்டு' என்று போட்டிருந்தார்கள். ஆன் பிரீடன் என்ற பெண் எழுதினது. 1990இல் நாலு சிடிப் பெட்டி வந்தபோதுதான் அவர் பேர் வந்தது.

இதனால்தான் நான் ஒரே ஆல்பத்தைக் கேசட்டில், சிடியில், பெட்டியில் என்று மூன்று தடவை வாங்குகிறேன். பாட்டு ஒன்றுதான். சின்ன எழுத்து மாறிக்கொண்டே வருகிறது. மற்ற சேகரிப்பாளர்கள் சத்தம் எப்படித் தெளிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். நான் பேர்ப் பட்டியல் எப்படித் தெளிந்திருக்கிறது என்று பார்க்கிறேன்.

நியாயமாகவும் பேசணும். முதல் ஆல்பத்திலேயே டிக்சனின் இரண்டு பாட்டுக்கு அவர் பேரைத்தான் போட்டிருந்தார்கள். அவர்கள்மேல் வந்த எல்லா வழக்கும் நிற்கவும் இல்லை. 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டைத் திருடினார்கள் என்ற வழக்கில் 2016இல் நடுவர் குழு இவர்கள் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. 2020இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. மின்னியின் பாட்டையும் இவர்கள் வேறு ஒன்றாக ஆக்கினார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த டிரம்ஸ் 1929 தட்டில் கிடையாது. ரசிக்கிறவன்தான் பேசுகிறேன், பகைவன் பேசவில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. நாலாம் ஆல்பத்தின் வெளி உறையில் குழுவின் பேரும் கிடையாது, ஆல்பத்துக்குத் தலைப்பும் கிடையாது. வேண்டுமென்றே விட்டார்கள். உள்ளே ஆளுக்கு ஒரு சின்னம், அவ்வளவுதான். பேர் இல்லாமலே அது கோடிக்கணக்கில் விற்றது. பேரைப் போடாமல் இருப்பதற்கும் ஒரு வசதி வேண்டும் பாருங்கள். பேர் உள்ளவனால்தான் அதைக் கழற்றி வைக்க முடியும். மின்னிக்குக் குழிமேல் கல் இல்லாமல் போனதும் இவர்கள் உறையில் எழுத்து இல்லாமல் போனதும் ஒன்றா?

அந்த உறையில் ஒரு கிழவர் இருக்கிறார். முதுகு வளைந்து, பெரிய குச்சிக்கட்டு ஒன்றை முதுகில் சுமந்து, கம்பை ஊன்றி நிற்கிறார். பிளான்ட் ஒரு பழைய சாமான் கடையில் பார்த்து வாங்கின படம். 2014 அக்டோபரில் வந்த பெட்டியில் அந்த அச்சுப் பிரதி இருந்தது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன். எங்கம்மா பார்த்துட்டு, "யாருய்யா இந்தக் கெழவன்? உங்க தாத்தா மாதிரியே வெறகு தூக்குறான்"னுச்சு. "தெரியலம்மா. இங்கிலாந்துக்காரரு"ன்னேன். "அங்கயும் தூக்குறானா?"ன்னுச்சு. கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே நின்னுட்டு, "பேரு தெரியாத ஆளைச் சொவத்துல மாட்டியிருக்க. உங்கய்யா படம் ஒண்ணு இருக்கா இந்த வீட்டுல?"ன்னு கேட்டுட்டுப் போயிருச்சு.

இல்ல. அய்யா படம் ரேஷன் கார்டுல இருந்ததோட சரி. சத்தம் அதுவும் இல்ல.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். 1991இல் நான் வாங்கின டேப் ரெக்கார்டரில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருந்தது, பதிகிற பொத்தான். அதை அமுக்கி அமுக்கி நண்பர்களிடம் இரவல் வாங்கின ராக் கேசட்டுகளையெல்லாம் 90 நிமிஷக் கேசட்டுகளில் ஏற்றினேன். அதே வருஷங்களில் அய்யா இருந்தார், தப்பும் இருந்தது. வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பொத்தானை அவருக்காக ஒரு தடவைகூட நான் அமுக்கவில்லை.

மாறாக, நிறுத்தச் சொன்னேன். "எம் பையன் ஆபீசருன்னு சொல்லிக்கிட்டு இன்னொருத்தன் வாசல்ல போயி அடிச்சிட்டு நிக்காதீங்கய்யா"ன்னேன். அப்போது பல ஊர்களில் நம் ஆட்கள் இனி அடிக்கமாட்டோம் என்று தப்பைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த காலம். கூப்பிட்ட குரலுக்குப் போய் அடிக்கிறதும், ஊருக்கு வெளியே நின்று கூலி வாங்குகிறதும் போதும் என்று முடிவெடுத்த காலம். 1992இல் அய்யா தப்பை வீட்டு விட்டத்தில் மாட்டினார். கோபப்படவில்லை. "சரிய்யா, நீ படிச்சவன்" என்றார். 1999இல் அவர் இறந்தபோது கூரை ஒழுகித் தப்பின் தோல் நைந்துபோயிருந்தது. அவருடைய துட்டிக்கு யாரும் அடிக்கவில்லை.

நிறுத்தச் சொன்னதுக்கு நான் வருத்தப்படவில்லை. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். அந்த வாசலில் நின்று அடிக்கக் கூடாது. ஆனால் வாசல் வேறு, வாசிப்பு வேறு என்று பிரித்துப் பார்க்கிற புத்தி எனக்கு அப்போது இல்லை. இழிவை எறிகிற வேகத்தில் கலையையும் சேர்த்து எறிந்துவிட்டேன். ஜிம்மி பேஜ் தன் குழுவின் கரட்டு டேப்பைக்கூட எறியவில்லை. நாற்பது வருஷம் வைத்திருந்து, கேட்டு, துடைத்து, புத்தகம் போட்டுப் பெட்டியில் அடைத்து எனக்கு விற்றார். தன் வேலைமேல் அவருக்கு இருந்த மரியாதையைத்தான் நான் பத்தாயிரம் கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று பெட்டியைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் தோன்றும். எங்கய்யாவிடம் கேட்டிருந்தால் இலவசமாகக் கிடைத்திருக்கும்.

கடைசிப் பெட்டி 'கோடா' 2015 ஜூலையில் வந்தது. அதில் துணைத்தட்டு இரண்டு. ஹெட்லி கிரேஞ்ச் பாட்டின் கரட்டு வடிவம் ஒன்று வேறு தலைப்பில் இருக்கிறது. அதைவிட என்னை நிறுத்தினது இன்னொன்று. 1972 அக்டோபரில் பேஜும் பிளான்டும் பம்பாய்க்கு வந்து நம் நாட்டு வாத்தியக்காரர்களை வைத்து 'ஃப்ரெண்ட்ஸ்', 'ஃபோர் ஸ்டிக்ஸ்' என்ற இரண்டு பாட்டைப் பதிந்திருக்கிறார்கள். 43 வருஷம் கழித்து அது இந்தப் பெட்டியில் முறையாக வெளிவந்தது. தபேலா, வயலின் எல்லாம் கேட்கிறது. பாட்டுப் பட்டியலில் 'பாம்பே ஆர்கெஸ்ட்ரா' என்று இருக்கிறது. ஊர்ப் பேர் இருக்கிறது. அடித்த கையின் பேர் அந்த வரியில் இல்லை. அதை அன்று ராத்திரி ஏழெட்டுத் தடவை போட்டுக் கேட்டேன்.

அம்மா 2020இல் போய்விட்டது. 2023 நவம்பரில் ஒரு செய்தி வந்தது. உறையில் இருந்த கிழவர் யார் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். இங்கிலாந்தில் ஒரு வரலாற்று ஆய்வாளர் பழைய போட்டோ ஆல்பம் ஒன்றைப் புரட்டும்போது மூலப் படம் கிடைத்திருக்கிறது. எர்னஸ்ட் ஃபார்மர் என்பவர் 1892 வாக்கில் எடுத்தது. அந்தக் கிழவர் வில்ட்ஷயர் மாவட்டத்தில் கூரை வேய்கிற தொழிலாளி. பேர் லாட் லாங். அனேகமாக அவர்தான் என்கிறார்கள். படம் எடுத்த மறுவருஷம் இறந்துவிட்டார். ஆக, சுமக்கிறது விறகில்லை, கூரை வேய்கிற குச்சி. கோடிக்கணக்கான வீடுகளில் பேரில்லாமல் நின்ற அந்தக் கிழவருக்கு 52 வருஷம் கழித்துப் பேர் வந்தது. சொல்ல அம்மா இல்லை. படத்துக்குக் கீழே ஒரு சீட்டில் 'லாட் லாங், கூரை வேய்பவர்' என்று எழுதி ஒட்டினேன்.

அடுத்து வந்த பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அய்யாகூட அடிச்சவங்கள்ல நாலு பேருதான் மிச்சம். மூத்தவருக்கு எண்பது தாண்டிருச்சு. சின்ன ரெக்கார்டரும் நல்ல மைக் ரெண்டும் கொண்டுபோயிருந்தேன். "துட்டிக்கு இல்ல பெரியப்பா, யாரு வாசலுக்கும் இல்ல. நம்ம களத்துல, நமக்காக"ன்னு சொன்னேன். இளவட்டம் ஒருத்தன் புதுத் தப்பு கொண்டாந்தான். வைக்கோலப் போட்டுக் காய்ச்சுனாங்க. காட்டுப்பாதையில எறங்குறப்ப அடிக்கிற அந்த மெதுவான அடியைக் கேட்டேன். பெரியப்பா கண்ணை மூடிக்கிட்டு அடிச்சாரு. "உங்கய்யா இதைவிடக் கொஞ்சம் எடம் விட்டு அடிப்பான்யா"ன்னாரு.

முடிச்ச பெறகு நோட்டை எடுத்து, "பேரு சொல்லுங்க பெரியப்பா, அப்பா பேரோட சேத்து"ன்னேன். "எங்க பேரெல்லாம் என்னத்துக்குய்யா? தப்படிக்கிறவன்னு போட்டுக்க"ன்னாரு. விடல. நாலு பேரையும் கேட்டு எழுதுனேன்.

அந்தப் பதிவு இப்போது நாலாம் ஆல்பப் பெட்டிக்குள் ஒரு சிடியாக இருக்கிறது. உறைமேல் நாலு பேரும் பெரிய எழுத்தில் இருக்கிறது. அய்யாவுடையது எதுவும் அதில் இல்லை, வரவும் வராது.

அந்த நாலு பேரையும் இங்கே நான் எழுதவில்லை. பத்திரிகையில் போடலாமா என்று அவர்களை இன்னும் கேட்கவில்லை. கேட்காமல் எடுத்துப் போடுகிறதைப் பற்றித்தானே இவ்வளவு நேரம் பேசினேன். ஊருக்குப் போகும்போது கேட்டுவிட்டு வருகிறேன்.